அக்டோபர் ட்ரவுட்: மேடிசன் ஆற்றுக்கா, மலை ஏரிக்கா?

செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ நான்கைந்து நாள் விடுமுறை கிடைக்கிறது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காப் பக்கம் ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீனைப் பிடிக்கப் போக ஆசை. மேடிசன் ஆற்றில் இறங்கி நிற்பதா, மலை ஏரிகளுக்கு ஏறிப் போவதா? ஃப்ளை ஃபிஷிங் (இறகும் நூலும் கட்டிய செயற்கைப் பூச்சியான ‘ஃப்ளை’யால் மீன் பிடிப்பது) பழகத் தொடங்கிய நண்பர்கள் இலையுதிர் காலம் நெருங்கும்போதெல்லாம் இதைக் கேட்கிறார்கள். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் விடுமுறையில் பெரும்பகுதியைக் காரிலேயே கழித்துவிடுகிறார்கள். வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரிலிருந்து பேர்டூத் பீடபூமியின் ஏரிகளுக்குப் போக, காட்டெருமைக் கூட்டம் சாலையை மறிக்காத நாளிலேயே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒன்றை முன்கூட்டியே தேர்ந்துகொள்வதுதான் நல்லது.

போகும் தேதி, அன்றைய வானிலை, எந்த மீன் முட்டையிடப் போகிறது என்பது: இந்த மூன்றையும் பார்த்துத்தான் நான் முடிவு செய்வேன். கடைசியாகச் சொன்னதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. என்னைக் கேட்டால் அதற்குத்தான் முதலிடம் தர வேண்டும்.

ட்ரவுட் இனங்கள் எல்லாம் ஒரே பருவத்தில் முட்டையிடுவதில்லை. கட்த்ரோட் வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலும் முட்டையிடும். ரெயின்போவும் பொதுவாக வசந்தத்தில்தான். (நீலகிரியின் அவலாஞ்சியில் வளர்க்கப்படும் ரெயின்போவுக்கும் பூர்வீகம் பசிபிக் கடலில் விழும் ஆறுகள்தான்.) பிரவுன் ட்ரவுட்டும் புரூக் ட்ரவுட்டும் அப்படியல்ல. பகல் குறுகி, தண்ணீர் குளிர்ந்து வரும்போதுதான் இவை சினை முற்றி முட்டையிட இடம் தேடும். மேடிசனின் இலையுதிர் காலப் புகழ் முழுவதும் பிரவுன் ட்ரவுட்டின் இந்தத் தேடலால் வந்தது. நாம் ஆசைப்படும் பெரிய மீன் அங்கே வருவதே முட்டையிடுவதற்காக. இதை மனதில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு படியுங்கள்.

மேடிசன் ஆறு, ஃபயர்ஹோல், கிப்பன் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் பிறக்கிறது. ஃபயர்ஹோல் வெந்நீர் ஊற்றுகளுக்கு நடுவே ஓடிவருவதால் அதன் தண்ணீர் இயல்பிலேயே சூடு. கோடை உச்சத்தில் வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அந்த வெப்பத்தில் ட்ரவுட்டுக்கு மூச்சு முட்டும். ஃபயர்ஹோல் மீன்கள் குளிர்ந்த கிளை ஓடைகளுக்குள் ஒதுங்கிக்கொள்கின்றன. கடுங்கோடையில் பூங்கா நிர்வாகமே இந்த ஆறுகளில் மீன்பிடிக்கத் தடை விதிப்பதும் உண்டு. இரவுக் குளிர் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிறது. மற்ற ஆறுகள் உறையத் தொடங்கும் நேரத்தில் மேடிசனின் தண்ணீர் மீனுக்குப் பிடித்த வெப்பநிலைக்கு வந்து நிற்கும்.

பூங்காவுக்கு வெளியே, மேற்கே ஹெப்கன் அணை தேக்கி வைத்த பெரிய ஏரி இருக்கிறது. கோடை முழுவதும் அங்கே தின்று கொழுத்த பிரவுன் மீன்கள் செப்டம்பரிலிருந்து மேடிசனில் எதிரேறி வருகின்றன. அவற்றோடு ரெயின்போவும் வரும். பிரவுன் போடப்போகும் முட்டைகள் அதற்கு இரை. ஒவ்வொரு மழைக்கும் முதல் பனிக்கும் ஒரு கூட்டம் ஏறும். 45 முதல் 55 சென்டிமீட்டர் நீள மீன் இங்கே அதிசயமல்ல. ஆணின் கீழ்த்தாடை கொக்கிபோல மேல்நோக்கி வளைந்து, வயிறு வெண்ணெய் மஞ்சளில் மின்னும் பருவம் இது.

பூங்காவின் மேற்கு வாயிலைத் தாண்டியதும் மண்சாலையில் திரும்பினால் பார்ன்ஸ் மடுக்கள். காரிலிருந்து இறங்கிச் சில நிமிட நடையில் தண்ணீரில் நிற்கலாம். அதனால்தான் விடியற்காலையிலேயே அங்கே ஆள் சேர்ந்துவிடுகிறது. இங்கே ஒரு மரபு இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டு யாரும் நின்றுவிடக் கூடாது. மடுவின் தலைப்பில் இறங்கி, லைனைக் குறுக்காகவும் சற்றே கீழ்நோக்கியும் வீசி, ஃப்ளை ஓட்டத்தில் வளைந்து கரைப்பக்கம் வந்து நேரானதும் ஓரிரு அடி கீழே நகர வேண்டும். அடுத்த வீச்சு, அடுத்த அடி. கடைசிக்கு வந்ததும் கரையேறி மறுபடி தலைப்புக்குப் போய் வரிசையில் சேர வேண்டும். கோயில் தரிசன வரிசையைப் போல, முன்னால் இருப்பவர் நகர்ந்தால்தான் பின்னால் இருப்பவருக்கு வழி.

இந்த முறையில் மீன் கவ்வும் கணம் வேறு எதிலும் கிடைக்காதது. ஃப்ளை எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. விரலுக்கு அடியில் லைன் மெல்ல இறுகிக்கொண்டே வரும். வளைவு முடிகிற இடத்தில், ஓட்டம் தளர்ந்து ஃப்ளை ஒரு நொடி தயங்கும்போது, கனமாக ஓர் இழுப்பு. அப்போது தூண்டிலைச் சட்டென்று மேலே வெட்டினால் மீன் போய்விடும். லைன் தானாக இறுகும்வரை பொறுத்துக் கோலைப் பக்கவாட்டில் உயர்த்த வேண்டும். இந்தப் பொறுமை வருவதற்குள் பல நல்ல மீன்கள் தப்பிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்க ஒரே ஓர் இழுப்புக்காக இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் நிற்கத் தயாராக இருப்பவருக்குத்தான் மேடிசன்.

வெயில் பளீரென்று அடித்தால் அந்த ஓர் இழுப்பும் சந்தேகம். பிரவுன் ட்ரவுட் வெளிச்சத்துக்குக் கூசும் மீன். கரை குடைந்த இடங்களிலும் ஆழ்ந்த மடுக்களிலும் பதுங்கிவிடும். மேகம் கவிந்து, தூறலோ பனித்தூவலோ விழும் நாள்தான் ஆற்றுக்கு உகந்தது. அத்தகைய மந்தமான பிற்பகலில் பேட்டிஸ் என்ற சிறு பூச்சிகளும் கூட்டமாக வெளிவரும். அப்போது நீர்ப்பரப்பிலேயே மீன் மூக்கை நீட்டும். கொழுத்த ஏரி மீனைவிட ஆற்றிலேயே வளர்ந்த சிறிய மீன்கள் இந்தப் பூச்சிக்கு ஆவலாக வருகின்றன. உல்லி பக்கர், சாஃப்ட் ஹேக்கிள், பிரின்ஸ் நிம்ஃப், சின்ன ஆலிவ் நிற உலர் ஃப்ளை: இந்த நான்கு ஃப்ளை வகைகளும் பெட்டியில் இருந்தால் மேடிசனுக்குப் போதும்.

இனி, சங்கடமான பகுதி. அக்டோபர் நடுப்பகுதி தாண்டியதும் ஆற்றின் ஆழமற்ற சரளைப் படுகைகளைக் கவனித்துப் பாருங்கள். மடு முடிந்து ஓட்டம் வேகமெடுக்கும் வாலில், சுற்றிலும் பாசி படிந்து கறுத்த கற்களுக்கு நடுவே, கழுவி வைத்ததுபோல வெளுத்த நீள்வட்டம் ஒன்று தெரியும். பெண் மீன் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் அடித்து அடித்துச் சரளையைக் கிளறிய இடம் அது. மேலோட்டப் பக்கம் ஒரு குழி, அதற்குக் கீழே ஒரு சிறு மேடு. முட்டைகள் அந்த மேட்டுக்குள் இருக்கின்றன. குளிர்காலம் முழுவதும் கற்களின் இடுக்கில் கிடந்து, அடுத்த ஆண்டுதான் குஞ்சுகள் வெளிவரும். அதன்மேல் ஒருவர் காலை வைத்தால் ஒரு தலைமுறை நசுங்கிவிடும்.

அந்த வெளுத்த இடத்தின்மேல் நிற்கும் மீனைப் பிடிப்பது எளிது. பசிக்காக அல்லாமல், தன் இடத்துக்குள் வந்ததை விரட்டுவதற்காகக் கடிக்கும். அப்படிப் பிடிப்பதைச் சட்டம் எல்லா இடத்திலும் தடுப்பதில்லை. ஆனாலும் செய்யக் கூடாது என்றே நான் உறுதியாகச் சொல்வேன். பல மைல் எதிரேறி வந்து களைத்த மீனை அந்த நேரத்தில் இழுத்துப் போராட வைத்துப் படம் எடுத்துக்கொள்வதில் எந்தத் திறமையும் இல்லை. ஆழமான ஓட்டத்தில் நகர்ந்துகொண்டிருக்கும் மீனைத் தேடுங்கள். சரளைமேல் ஜோடியாக நிற்பவற்றை விட்டுவிடுங்கள்.

மலை ஏரிகளில் இந்தச் சங்கடம் மிகக் குறைவு. அங்கே கூடுதலாகக் கிடைப்பது தனிமை.

மலை ஏரி என்று நான் சொல்வதில் இரண்டு வகை. ஒன்று, யெல்லோஸ்டோன் பூங்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் ட்ரவுட் லேக் போன்ற கட்த்ரோட் ஏரி. சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் ஏறிவிடலாம். ஏற்றம் கொஞ்சம் செங்குத்து. தாடைக்குக் கீழே சிவப்புக் கீறல் கொண்ட கட்த்ரோட் இந்த மண்ணுக்கே உரிய மீன். பூங்காவுக்குள் எங்கே பிடித்தாலும் அதை விட்டுவிட வேண்டும். இலையுதிர் காலத்தில் அது முட்டையிடும் நிலையில் இருக்காது, குளிர்காலத்துக்கு முன் தின்று தேறுவது மட்டும்தான் அதன் வேலை. மனச்சுமை இல்லாமல் பிடித்து விடலாம்.

மற்றொன்று, பூங்காவின் வடகிழக்கு வாயிலைத் தாண்டிப் பேர்டூத் நெடுஞ்சாலையில் ஏறினால் வரும் ஏரிகள். 1936இல் திறக்கப்பட்ட இந்தச் சாலை 3,337 மீட்டர் உயரக் கணவாயைத் தாண்டிச் செல்கிறது. கணவாய்க்குக் கீழே வயோமிங் பக்கத்தில் பேர்டூத் லேக், ஐலண்ட் லேக் இரண்டும் சாலையோரத்திலேயே இருக்கின்றன. அங்கிருந்து கிளம்பும் பாதைகளில் நடந்தால் ஏரிக்குப் பின் ஏரியாக வந்துகொண்டே இருக்கும். இந்த உயரத்து ஏரிகள் பெரும்பாலானவற்றில் இயற்கையாக மீனே கிடையாது. அருவிகளைத் தாண்டி மீனால் ஏறி வர முடியவில்லை. மனிதர்கள் கொண்டுவந்து விட்டவை பெருகின. ஐலண்ட் லேக்கில் அப்படிப் பெருகிய புரூக் ட்ரவுட்தான் அதிகம்.

புரூக் ட்ரவுட்டும் இலையுதிர் காலத்தில்தான் முட்டையிடும் என்று முன்பே சொன்னேன். பிறகு எப்படிச் சங்கடம் குறைவு என்று கேட்கலாம். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி மீன் அது. இந்த மேற்கு மலைகளுக்கு வந்தேறி. குளிர்ந்த சிறு ஏரிகளில் அளவுக்கு மீறிப் பெருகி, இரை போதாமல் கைநீளம்கூட வளராமல் நின்றுவிடுகிறது. ஒரு பகுதியைப் பிடித்துத் தின்றால் மிச்சமுள்ளவை பெரிதாகும். வயோமிங் அனுமதிக்கும் எண்ணிக்கைக்குள் பிடித்துச் சமைத்துச் சாப்பிடுவதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். மேடிசனில் பிடிக்கும் பிரவுனையும் ரெயின்போவையும் பூங்காவுக்குள் கட்டாயம் விட்டுவிட வேண்டும் என்பதால், மீன் வறுவல் ஆசையோடு வருகிறவருக்கு இந்த ஏரிகள்தான் இடம். மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு தடவிச் சிறிய மீனை முழுதாகவே வறுக்கலாம். முள் இலகுவாகப் பிரிந்துவிடும். சமைத்த இடத்தில் கூடாரம் போடக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கரடி நாடு இது.

அழகிலும் புரூக் ட்ரவுட்டுக்கு ஈடு இல்லை. முதுகில் புழு ஊர்ந்த தடம்போல் வெளிர்பச்சைக் கோடுகள், பக்கவாட்டில் நீல வளையத்துக்குள் சிவப்புப் புள்ளி, துடுப்புகளின் முன் ஓரத்தில் வெள்ளைக் கோடு, அதை ஒட்டி ஒரு கறுப்புக் கோடு. செப்டம்பரில் ஆணின் வயிறு செம்மஞ்சளாகச் சிவந்திருக்கும். உள்ளங்கையைத் தண்ணீரில் நனைத்துவிட்டுத் தொட்டால்தான் அதன் மேல்படலம் உரியாது.

ஏரியில் பிடிக்கும் முறையே வேறு. ஆற்றில் மீன் ஓர் இடத்தில் நிற்க, ஓட்டம் இரையைக் கொண்டுவரும். ஏரியில் இரை ஓரிடத்தில் இருக்க, மீன் சுற்றிவரும். எனவே வந்ததும் தண்ணீரில் இறங்கக் கூடாது. போலராய்டு கண்ணாடி அணிந்து, கரையில் சற்று உயர்ந்த பாறைமேல் உட்கார்ந்து, ஆழம் சட்டென்று மாறும் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வெளிர்ந்த அடித்தரைக்கு மேல் ஒரு நிழல் கரையோரமாக நகரும். சில நிமிடங்கள் கழித்து அதே வழியில் திரும்பி வரும். அதன் பாதை தெரிந்த பிறகு, அது வருவதற்கு முன்பே அட்டைப்பூச்சி வடிவ ஃப்ளையை அந்த வழியில் போட்டு மூழ்கவிட்டு, நிழல் நெருங்கும்போது விரல் அசைவில் சிறிது இழுக்க வேண்டும். மீன் திரும்பிப் பார்ப்பதும், வேகமெடுப்பதும், வாய் திறக்கும் வெண்மையும் கண்முன் தெரியும். புதிதாகப் பழகுகிறவருக்கு இதைவிடச் சிறந்த பள்ளி கிடையாது. நெடுந்தூரம் வீசும் திறமை இதற்குத் தேவையே இல்லை.

ஆனால் இதற்கு வெயிலும் காற்றில்லாத பொழுதும் வேண்டும். காற்று எழுந்து தண்ணீர் நெளிந்ததும் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அப்போது காற்று வீசிச் சேர்க்கும் கரைக்குப் போய், மிதவைக்குக் கீழே சிறு நிம்ஃப் (நீரடிப் பூச்சி வடிவ ஃப்ளை) தொங்கவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். இந்த உயரத்தில் காலையில் அவசரப்பட்டுப் பயனில்லை. இரவுக் குளிரில் சில்லிட்டுப்போன தண்ணீர் வெயில் ஏறிய பிறகே உயிர்பெறும். பத்து மணி முதல் மூன்று மணி வரைதான் பொழுது. கரையோரம் பனிக்கட்டி கட்டத் தொடங்கிவிட்டால் அந்த ஆண்டுக்கு முடிந்தது. பேர்டூத் நெடுஞ்சாலை வழக்கமாக அக்டோபர் நடுவில் மூடப்படும். செப்டம்பரிலேயே பனிப்புயல் வந்து சில நாள் அடைக்கப்படுவதும் உண்டு. அதனால் அந்த ஏரிகளை நம்பி அக்டோபருக்கு விடுமுறை எடுப்பது சூதாட்டம்.

மூன்றாவது வழி ஒன்றையும் சிலர் சொல்வார்கள்: பூங்காவின் தெற்கில், ஷோஷோனி ஏரியையும் லூயிஸ் ஏரியையும் இணைக்கும் கால்வாய் போன்ற ஆற்றுத்துண்டு. லூயிஸ் அருவி தடுத்ததால் இந்த இரு ஏரிகளிலும் மீனே இல்லாமல் இருந்து, 1890இல் பிரவுன் ட்ரவுட்டையும் லேக் ட்ரவுட்டையும் கொண்டுவந்து விட்டார்கள். அக்டோபரில் அந்தப் பிரவுன்கள் ஏரிகளிலிருந்து அந்தத் துண்டுக்குள் திரளும். ஷோஷோனிக்குச் சாலை கிடையாது. நடை அல்லது துடுப்புப் படகு. கூட்டம் குறைவு, மீன் நிறைய. ஆயினும் நான் இதை யாருக்கும் முதல் தேர்வாகச் சொல்வதில்லை. அத்தனை மீனும் முட்டையிடும் குறுகிய, ஆழமற்ற தண்ணீரில்தான் நிற்கின்றன. ஒதுங்கிப் பிடிக்க இடம் மிகக் கொஞ்சம். பனி பெய்தால் திரும்பி நடக்கும் தூரமும் நெடியது.

உரிமங்களில் பலரும் குழம்புகிறார்கள். யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள் மாநில உரிமம் செல்லாது. பூங்காவின் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். மேடிசன் பூங்காவைத் தாண்டி ஹெப்கன் பக்கம் போய்விட்டால் மொன்டானா உரிமம். பேர்டூத் லேக்குக்கும் ஐலண்ட் லேக்குக்கும் வயோமிங் உரிமம். பூங்காவின் வழக்கமான மீன்பிடிப் பருவம் அக்டோபர் கடைசியோடு முடிகிறது. பூங்காவுக்குள் தூண்டில் முள்ளின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிட வேண்டும், ஈயக்குண்டு கூடாது, கம்பளி அடி வைத்த காலணிக்கும் தடை. 1994இல் மேடிசனில் கண்டுபிடிக்கப்பட்ட நியூசிலாந்துச் சேற்று நத்தை போன்றவை காலணியில் ஒட்டிப் பரவுகின்றன. ஆற்றில் போட்ட காலணியைக் கழுவி முழுவதும் காயவைக்காமல் ஏரிக்குப் போகாதீர்கள். ஒரே பயணத்தில் இரண்டுக்கும் போக வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தூண்டிலில் பெரிய வேறுபாடு இல்லை. ஒன்பது அடி நீள ஐந்தாம் எண் கோல் (எண் கூடினால் கோலின் வலுவும் கூடும்) ஏரிக்குப் போதும். மேடிசனில் கனமான ஃப்ளையைக் காற்றை எதிர்த்து வீச ஆறாம் எண் கை வலியைக் குறைக்கும். முனை மூழ்கும் லைன் ஒன்று இருந்தால் இரண்டு இடத்திலும் உதவும். ஃப்ளையைக் கட்டும் நரம்பு மெலிதாக இருப்பது ஏரியில்தான் முக்கியம். ஆற்றில் மீன் நெடுநேரம் போராடிக் களைக்காதபடி தடித்த நரம்பு போடுவது நல்லது. விடியலில் கோலின் வளையங்களில் பனி உறைந்து லைன் ஓடாது. அவ்வப்போது தண்ணீரில் அமிழ்த்தி எடுக்க வேண்டும்.

கிரிஸ்லி கரடிகள் குளிர்கால உறக்கத்துக்கு முன் ஓயாமல் தின்னும் பருவம் இது. கரடியை விரட்டும் தெளிப்பான் பையின் அடியில் அல்ல, இடுப்பில் இருக்க வேண்டும். ஏரிக்குத் தனியாகப் போகக் கூடாது. மூன்று பேராவது சேர்ந்து பேசிக்கொண்டே நடக்க வேண்டும். மேடிசன் கரையில் எல்க் மான்கள் இணைசேரும் காலம். ஆண் மான் கூவிக்கொண்டு அருகில் வந்தால் மடுவை விட்டுக்கொடுத்து விலகிவிடுங்கள்.

என் தீர்ப்பு இதுதான். செப்டம்பரில் விடுமுறை என்றால், குறிப்பாகக் குழந்தைகளோ புதியவர்களோ உடன் வந்தால், ஏரிக்குப் போங்கள். வானிலை அறிக்கை இரண்டு நாள் வெயில் என்று சொன்னால் பேர்டூத். சந்தேகமாக இருந்தால் ட்ரவுட் லேக், ஏனென்றால் அது தாழ்வான இடத்தில் இருக்கிறது, திரும்பி வருவதும் எளிது. அக்டோபர் முதல் பாதி கிடைத்து, லைன் வீசுவதும் ஓட்டத்தில் நிற்பதும் பழகியிருந்தால், யோசிக்காமல் மேடிசன். வானம் இருண்டிருக்கும் நாளில் பார்ன்ஸ் மடுக்களின் வரிசையில் சேர்ந்துவிடுங்கள். வெயில் நாளில் பிற்பகல் கடைசிக்குக் காத்திருங்கள்.

அக்டோபர் கடைசி வாரம் மட்டும்தான் கிடைக்கும் என்கிறவர்கள் என்னிடம் நல்ல பதிலை எதிர்பார்க்க வேண்டாம். ஏரிகளின் பருவம் போய்விட்டிருக்கும், ஆற்றில் மீன்கள் முட்டையிட்டுக்கொண்டிருக்கும். அப்படியும் போவதென்றால், கரையிலிருந்தே வீசி எட்டக்கூடிய ஆழமான ஓட்டங்களை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், கறுத்த பெரிய கற்கள்மேல் கால் வையுங்கள். வெளுத்த சரளை எங்கே தெரிந்தாலும் கரையேறிச் சுற்றிப் போங்கள்.